பயறு தலை நீட்டும்வரை

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலமும் அறிவியலும் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு சில்வர் செம்புக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. அப்பா மஸ்கட்டில் இருந்தார். அங்கே வெள்ளிதான் லீவு. அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் செம்புக்குள் இறக்கி வைப்பாள். அப்படி வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்பது அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பரிசோதனை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தக்கலையில், பஸ் ஹாரன் கேட்கிற தூரத்தில் ஒரு வாடகை வீடு. செம்பிலிருந்து எழும்புகிற அப்பாவின் குரலில் லேசாக மணியோசை கலந்திருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு வாரமும் ஒரு விளையாட்டு. வீட்டில் எதைத் தொடுவதென்றாலும் முதலில் அதன் இங்கிலீஷ் பெயரைச் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தொடக் கூடாது என்றார் ஒரு தடவை. அந்த வாரம் முழுக்க அம்மா புட்டுக்குழலைத் தொட வழியில்லாமல் தோசையாகவே சுட்டாள். இன்னொரு வாரம், முற்றத்தில் விழுகிற பப்பாளி மரத்து நிழலைக் கரியால் சுற்றி வரைந்துவிட்டு, அது கோட்டை விட்டு நழுவுவதைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். கிடந்தேன். மரம் நின்ற இடத்தில் நிற்க, நிழல் மட்டும் எங்கள் வேலியைத் தாண்டி யார் வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தது பெட்டி விளையாட்டு. அப்பா முந்தின லீவுக்கு வந்தபோது வாங்கிவந்த ஷூவின் அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, மேல் மூலையில் ஒரு ஓட்டை போட்டோம். அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் மண், மண்ணில் ஒரு பெரும்பயறு. தண்ணீர் விடும்போது தவிர மூடியைத் திறக்கக் கூடாது. செடி இருட்டுக்குள்ளேயே வெளிச்சத்தைத் தேடித்தேடி வளர்ந்து ஓட்டை வழியாக வெளியே வரும் என்றார் அப்பா. அதை இங்கிலீஷில் ஒரு வாக்கியமாகவும் சொல்லித்தந்தார். கடைசியில், "அது தலைய நீட்டும்போ நானும் வந்து நிப்பேன் மக்களே" என்றார்.

அதற்குமேல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறவில்லை. பெட்டியின் பக்கத்தில் படுத்து, அட்டையில் காதை வைத்துக்கொண்டு தூங்குவேன். உள்ளே அப்பா ஏணியில் ஏறி வருகிற மாதிரி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஃபோனைச் செம்பிலிருந்து எடுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பப்பாளி மரத்தடிக்குப் போய் வெகுநேரம் பேசினாள். கம்பெனியில் இந்த வருஷம் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலில் கொண்டுவைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். எங்களுக்கு நிலம் கிடையாது. எல்லா வருஷமும் அம்மா சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வைப்பாள். அந்த வருஷம் பெட்டியைத் தூக்கினாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

"நம்ம வீட்டுல விளைஞ்சது இது ஒண்ணுதானே மக்கா. முதல் பலன் கர்த்தருக்குள்ளதாக்கும்."

"அப்போ அப்பா எப்படி வருவாவ?"

அம்மா என் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள்.

வாழைக்குலைகளுக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் காலைக் கட்டிப்போட்ட சேவலுக்கும் நடுவில் எங்கள் பெட்டி நின்றது. ஏலம் கூறுகிறவர் குலை வியாபாரி; வாய் சும்மா இருக்காது. பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதாரு வயல்ல ஷூ வெளஞ்சிருக்கு?" என்றார். கோயிலே சிரித்தது. அவர் மூடியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. துளிப் பச்சை இல்லாமல், வெளிறிய மஞ்சளில், நூல் போல நீண்டு, வளைந்து வளைந்து, ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது செடி. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏட்டி, இது என்னான்னு நீயே சொல்லு" என்றார்.

எங்கள் கோயிலில் பிள்ளைகளை முன்னால் நிறுத்தினால் மனப்பாட வசனம்தான் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் கையைக் கூப்பி, கண்ணை மூடி, அப்பா சொல்லித்தந்ததை ஒப்பித்தேன். "த பிளான்ட் இஸ் லுக்கிங் ஃபார் த லைட்."

பின்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். உடனே சபை முழுக்க "ஆமென்" என்றது. பைபிளில் எந்த அதிகாரமாக இருக்கும் என்று யோசிக்கிறவர்போல் போதகர் கூரையைப் பார்த்தார்.

ஆமென் விழுந்த செடிக்குக் கிராக்கி ஏறிவிட்டது. கடைசியில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, விடாப்பிடியாக நின்று எடுத்தார். எடுத்த கையோடு என் மடியில் கொண்டுவந்து வைத்தார். "பிள்ளைக்க செடி பிள்ளைட்டயே இருக்கட்டு."

அம்மா தலைகுனிந்து கண்ணைத் துடைத்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கர்த்தருக்குக் கொடுத்தது திரும்பி வந்துவிட்ட வருத்தம் என்று நான் நினைத்தேன்.

இரண்டொரு நாளில், காலையில் கண்விழித்தால், ஓட்டைக்கு வெளியே ஒரு வெளிறின நுனி. நான் கத்திக்கொண்டே கேட்டுக்கு ஓடி ரோட்டைப் பார்த்தேன். அம்மா அகப்பையும் கையுமாக வந்து பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது தலை இல்ல மக்கா. முடியாக்கும். முடிக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"ஹேர்."

"ஆங். தலை வர இன்னும் கெடக்கு."

மறுநாள் ஃபோர்ஹெட். அதற்கடுத்தது புருவம்; அதற்கு அம்மாவுக்கே பெயர் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை செம்புக்குள் கேட்டோம். "ஐப்ரோ" என்றார் அப்பா. "அவசரப்படாத மக்களே. கழுத்து வந்தாத்தான் தலை முழுசும் வந்ததா அர்த்தம்." பிறகு ஐலாஷ், நாஸ்ட்ரில், சீக், சின் எல்லாம் வந்தன. கழுத்து வந்த அன்றைக்கு, உடம்பில்லாமல் தலை மட்டும் வந்து என்ன செய்ய என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தோளுக்குப் போனோம். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பச்சை பிடித்து, கொடி ஜன்னல் கம்பியில் ஏறியது. பக்கத்திலேயே கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்கியது. நாங்கள் முழங்கையில் இருந்தோம்.

கொடி காய்த்து ஓய்ந்த பிறகும் அம்மா அதைப் பிடுங்க விடவில்லை. கோடை லீவில் அப்பா வந்து இறங்கியதும் நேரே ஜன்னலுக்கு இழுத்துப் போனேன். காய்ந்த கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார்.

"டோ நெயில்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்களைக்குள் போய்ப் புட்டுக்குழலை எடுத்தாள். இங்கிலீஷ் பெயர் சொல்லாமல் தொட்டால் ஆட்டம் தப்பு என்று நான் பின்னாலேயே போய் நின்றேன். அம்மா திரும்பவே இல்லை. அவ்வளவு நாள் எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்தவள், கடைசியில் இந்த ஒரு பெயரைப் படிக்காமல் விட்டுவிட்டாளே என்றுதான் எனக்கு அன்றைக்குக் குறையாக இருந்தது.