மக்காச்சோளக் காட்டில் இறங்கிய சித்தி

சித்தி விமானம் ஓட்டுகிறவள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. விடுமுறை நாளிலும் அவள் விமானம்தான் ஓட்டுகிறாள் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

அவள் அம்மாவின் தங்கை. சென்னையில் இருந்துகொண்டு, இருநூறு பேர் உட்காரும் விமானத்தில் டெல்லிக்கும் துபாய்க்கும் போய் வருவாள். சேர்ந்தாற்போல் சில நாள் ஓய்வு கிடைத்தால் திருப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்த மறுநாளே விடியலில் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் கிளம்பிவிடுவாள். அங்கே ஒரு மில் முதலாளி தன் ஆசைக்காகப் பொட்டல் காட்டில் ஓர் ஓடுபாதை போட்டு வைத்திருந்தார். சித்தியும், அவளைப் போலவே பெரிய விமானம் ஓட்டும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்கிய குட்டி விமானம் ஒன்று அங்கே தகரக் கொட்டகையில் நின்றது. இரண்டே இருக்கை. மூக்கில் ஒரு விசிறி. ஒருமுறை எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினாள். தகரம் என்று நினைத்து இறக்கையில் கை வைத்தேன், துணி! துணி என்று தெரிந்ததும் அப்பா இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்து, "பாலியஸ்டர்" என்றார். அவர் பனியன் கம்பெனி வைத்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவேன் என்று அம்மா சொல்வாள். வாரமெல்லாம் பனியனோடு கிடக்கும் அப்பா, ஞாயிற்றுக்கிழமை யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். செய்கிற வேலையையே ஓய்வு நாளிலும் ஒருத்தி ஏன் செய்ய வேண்டும்? அப்பாவைக் கேட்டேன். "கொழுப்பு கண்ணு" என்றார். அம்மாவைக் கேட்டேன். "கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்" என்றாள். கடைசியில் சித்தியையே கேட்டேன்.

"பெருசுல பாதி நேரம் நான் பாத்துக்கிட்டு இருக்கறேன் கண்ணு, அது தன்னால போகும். சின்னதுல நான் ஓட்டறேன்" என்றாள்.

பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள், ஓட்டுவதற்கு இவள் சம்பளத்தைக் கொடுக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். பெரியவர்களின் கணக்கு இப்படித்தான் இருக்கும்போல.

அந்தத் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "நாளைக்குக் காலையில உங்க தோட்டத்து மேல வர்றேன். கிணத்து மேட்டுல நின்னு கை காட்டு" என்று சொல்லிவிட்டாள். தாராபுரம் சாலையில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. நானும் அப்பாவும் அன்று சாயங்காலமே போய்த் தங்கிக்கொண்டோம். கை காட்டுவதற்கென்று கம்பெனியில் கழித்துப் போட்ட சிவப்பு டீ-ஷர்ட் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். என்னைப் போல் மூன்று பேர் அதற்குள் நுழையலாம்.

பனி விலகியதும் முதலில் சத்தம் வந்தது. பிறகு விமானம் வந்தது. நான் டீ-ஷர்ட்டைச் சுழற்றினேன். அது இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்து எனக்குப் பதில் சொன்னது. அடுத்த நொடி, சத்தம் இருமியது. இன்னொரு முறை இருமியது. அப்புறம் இல்லவே இல்லை. சத்தமில்லாமல் ஒரு விமானம் போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது அழகில்லை என்று தெரிந்தது.

விமானம் தாழ்ந்து தாழ்ந்து தென்னைகளுக்குப் பின்னால் மறைந்தது. அப்பா வாயில் நுரையோடு பைக்கை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். இருந்த பதற்றத்தில் என்னை இறக்கிவிட அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு காடு தள்ளி, மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் விமானம் நின்றிருந்தது. மூக்கு கிளுவை வேலிக்குள் நுழைந்திருந்தது. இடது இறக்கையில் ஒரு முழ நீளத்துக்குத் துணி கிழிந்து தொங்கியது. சித்தி முழுசாக இருந்தாள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரியான காட்டுக்காரம்மா அதற்குள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து அவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய பிளேன் ஓட்டற அம்மிணின்னு சொன்னாங்க. இதென்ன கண்ணு இத்துனூண்டு? வேலையில கீழ எறக்கிப் போட்டாங்களா?"

"இல்லீங்க. இது என்ற ஆசைக்குங்க. உங்க வேலியைக் கெடுத்துப்போட்டனுங்க."

"வேலி கெடக்குது, உடு சாமி. மொதல்ல மோரைக் குடி."

சொம்பை வாங்கிய சித்தியின் கை நடுங்கியது. மோர் மணிக்கட்டு வழியாக வழிந்தது. குரலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"குளிருதா சித்தி?"

"இல்ல கண்ணு. பயப்படறதுக்கு இப்பத்தான் நேரம் கெடச்சிருக்குது."

அவளுக்கு அடி எதுவும் இல்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட அப்பா, அடுத்த நிமிடமே கம்பெனிக்காரர் ஆகிவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அம்மிணி, நான் சொல்றதக் கேளு. நம்ம துணி ரோல் ஏத்தற வண்டியை வரச் சொல்றேன். பசங்க நாலு பேரு வருவாங்க. றெக்கையக் கழட்டி உள்ள வெச்சுத் தார்ப்பாயைப் போட்டு மூடிட்டா ஈ காக்காய்க்குத் தெரியாது. கிழிசலையும் நம்ம டெய்லரே தெச்சுருவாரு. வெளிநாட்டுக்காரனே நம்ம தையலத்தான் போட்டுக்கறான்."

"வெளிநாட்டுக்காரன் அதைப் போட்டுக்கிட்டுப் பறக்கறதில்லீங்களே மாமா."

"வெளையாடாத. இது உன்ற ஆபீசுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"கொஞ்ச நாளைக்கு ஓட்ட விடமாட்டாங்க. தப்பு என்னுதுன்னு வந்துட்டா அப்புறம் ஓட்டறதே கஷ்டந்தானுங்க."

"அப்பறம் எதுக்குச் சொல்லணும்?"

சித்தி கிழிந்த துணியை எடுத்து இறக்கையின் மேல் மெல்லப் படுக்கவைத்தாள். "இஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலீங்க மாமா. என்ற கூட்டாளிக அடுத்த வாரம் இதுலதான் ஏறுவாங்க" என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வேலியோரமாகப் போனாள். முதலில் விமானத்துறைக்கு, அப்புறம் தன் ஆபீசுக்கு, மூன்றாவதாக அம்மாவுக்குப் பேசினாள். முதல் இரண்டும் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவதில் அம்மா அழுவது எங்களுக்கே கேட்டது. இனிமேல் அதில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள் போலிருக்கிறது. சித்தி, "இல்லக்கா... இல்லக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தன்னையத் தானே மாட்டி உட்டுக்கற ஆள இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று அப்பா காட்டுக்காரம்மாவிடம் சொன்னார்.

விமானத்துறைக்காரர்கள் விமானத்தைத் தொடவேண்டாம் என்றதால் அது மூன்று நாள் அந்தக் காட்டிலேயே நின்றது. ஊரே வந்து போட்டோ எடுத்துக்கொண்டது. காட்டுக்காரம்மா ஒரு கயிறு கட்டி, யாரையும் கிட்டே விடாமல் காவல் காத்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு அந்தத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து சித்தியை வெகுநேரம் விசாரித்தார்கள். அம்மா இரண்டு தடவை காப்பி கொண்டுபோய் வைத்தாள். இரண்டு தடவையும் ஆறிப்போனது.

கடைசியில் குற்றவாளி ஒரு ரப்பர் குழாய். வெளியே புதிதுபோல் இருந்தது. உள்ளே பிய்ந்து பெட்ரோலை அடைத்திருந்தது. யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, விமானத்தை இறக்கிய விதம் சரி என்று சொல்லிவிட்டார்கள். சித்தி மறுபடியும் துபாய்க்குப் போனாள். இறக்கையை வேறு ஊரில், அதற்கென்று இருப்பவர்கள் ஒட்டிக் கொடுத்தார்கள். மறு தீபாவளிக்கு வந்தபோது அந்தக் குட்டி விமானத்தையும் ஓட்டினாள். அப்பாவோ வருகிற வியாபாரிகளிடமெல்லாம், "நம்ம அம்மிணி தானாப் போன் பண்ணிச் சொல்லிருச்சுங்க, அதுதானுங்க நாணயம்" என்று அந்தக் கதையைப் பல வருஷம் சொன்னார். தார்ப்பாய் மட்டும் கதையில் வராது.

ஆனால் அந்த முடிவு வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். இவ்வளவு நாள் அவள் எனக்குக் கிடைத்ததே இல்லை. எனக்கு சைக்கிள் பழக்கினாள். சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூட வாசலில் தினமும் வந்து நின்றாள். போன் அடித்தால் மட்டும் மொட்டை மாடிக்கு ஓடுவாள். இறங்கி வந்ததும் பசியில்லை என்பாள். அம்மாவும் அப்பாவும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

ஒரு மாலை அவளும் நானும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெளியே வந்ததும், "நீ என்ன கண்ணு வேண்டிக்கிட்டே?" என்று கேட்டாள்.

"உங்க பிளேன் இன்னும் நாலஞ்சு தடவையாச்சும் நின்னு போகோணும்னு" என்றேன். "அப்பத்தானே நீங்க இங்கயே இருப்பீங்க?"

சித்தி சிரித்தாள். நடுத்தெருவில் முட்டி போட்டு என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் தோள் குலுங்கியது. என் கழுத்து ஈரமானது. ரொம்பச் சிரித்தால் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவளை இவ்வளவு சிரிக்கவைத்துவிட்டோமே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.