நான் தளர்த்திய திருகு

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நானும் என் கணவரும் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுவார். மழை விட்டிருந்த ஒரு காலையில் கால் வழுக்கி விழுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டார். கை கால் அசையவில்லை. தொட்டால் மட்டும் லேசாகத் தெரிந்தது.

பலகையில் படுக்க வைத்து, தோட்டத்து லொறியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புறப்படும்போது கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கையெழுத்து கேட்டாங்கன்னா யோசிச்சுப் போடு புள்ள. வேலைக் கணக்குல இருந்து பேர் வெட்டறதுக்கும் ஒரு காயிதம்தான் வேணும்."

இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நாங்கள் எழுதிப் போட்டதற்கு இல்லை என்று பதில் வந்திருந்த சமயம். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் எனக்குப் பயம். ஆஸ்பத்திரியில் முதலில் நீட்டியதே ஓர் இங்கிலீஷ் காகிதம்தான். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து என் கணவரைப் பார்த்தபோது தலையை மழித்திருந்தார்கள். காதுகளுக்கு மேலே, மண்டையெலும்பில் இரண்டு பக்கமும் துளை போட்டுப் பெரிய இடுக்கி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் கட்டிய கயிறு, தலைமாட்டில் இருந்த சிறு சக்கரத்தின் மேல் ஏறி இறங்கியது. அதன் முனையில் இரும்பு எடைகள் தொங்கின. உடைந்த கழுத்தை நேராக இழுத்துப் பிடிக்கத்தான் அது. அன்று எனக்கு அது தெரியாது. ஏதோ சோதனைக்கு எங்கள் ஆளைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான்தானே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கையால் சாப்பிட முடியாதவர் என்பதால் பகலெல்லாம் என்னைக் கூட இருக்க விட்டார்கள். அந்த வாட்டில் ஓர் ஆண் நர்ஸ் இருந்தார், சிங்களவர். சிரிக்கவே மாட்டார். காலையில் வந்ததும் என் கணவரின் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்ப்பார். பிறகு இடுக்கியின் நடுவிலிருந்த திருகைக் கொஞ்சம் இறுக்குவார். அப்போது இவர் பல்லைக் கடித்துக்கொள்வார், கண்ணோரம் நீர் வழியும். துளையைச் சுற்றி ரத்தம் கசியும். நர்ஸ் அதைத் துடைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். கடைத்தெருவில் பேசுகிற அளவுக்குச் சிங்களம் எனக்குத் தெரியும். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தானே சொல்வார் என்று நினைத்தேன்.

ஏழாவது நாள், ஆபரேஷன் அன்று காலை, திருகை இறுக்கிவிட்டு நர்ஸ் போனதும் என் கணவர் முனகினார்.

"தாங்க முடியல புள்ள. அந்தாளு என்னைக் கொன்னுதான் விடுவான்."

சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.

"இப்ப பரவாயில்ல," என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, அவரைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்ற நாலு பேர் வந்தார்கள். பெரிய டொக்டரும் நின்றார். தூக்கிய அதே நொடியில் இடுக்கி நழுவியது. எடைகள் தரையில் விழுந்த சத்தத்தில் வாட்டே திரும்பிப் பார்த்தது. என் கணவரின் தலை ஒரு பக்கம் சாயப் போனது.

அந்த நர்ஸ் பாய்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் தாடையைத் தாங்க, முழங்கைகளை வண்டியில் ஊன்றிக் குனிந்தபடி நின்றார். ஆபரேஷன் அறை வரைக்கும் அப்படியே குனிந்து நடந்தார். ஒரு விரலைக்கூட எடுக்கவில்லை.

அறை வாசலில் பெரிய டொக்டர் அவரை இங்கிலீஷில் ஏசினார். மொழி புரியாவிட்டாலும் காலையில் திருகை இறுக்கினாயா என்றுதான் கேட்கிறார் என்பது புரிந்தது. தலையை விடாமல், நர்ஸ் ஏதோ தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். டொக்டர் நம்பவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவரோடு போயிருக்கும். அந்த நினைப்பும் வந்ததென்பதை மறைக்க விரும்பவில்லை.

"அவரை ஏசாதீங்க ஐயா. நான்தான் லூசாக்கினேன்," என்றேன்.

யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இஞ்ச கழண்டது உங்கட அதிர்ஷ்டம். உள்ளுக்கு மயக்கம் குடுத்துக் குப்புறத் திருப்பேக்க கழண்டிருந்தா மூச்சே நிண்டிருக்கும். எலும்பில பிடி இளகாமல் இருக்கத்தான் ஒவ்வொரு நாளும் இறுக்கிறது."

நர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைப் பிடித்தபடியே அறைக்குள் போனார்.

இடுக்கியை வேறு இடத்தில் மாட்டி ஆபரேஷனை முடித்தார்கள். அடுத்த மூன்று வாரமும் அந்த இடுக்கியோடுதான் இவர் கிடந்தார். நர்ஸ் திருகின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தார். வரும்போதெல்லாம் கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். என் நாற்காலியையும் கால்மாட்டுக்குத் தள்ளிப் போட்டுவிட்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டது தவறு. அவர் என்னைச் சந்தேகப்பட்டதில் ஒரு தவறும் இல்லை.

ஒரு நாள் துணிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் எடைகளைச் சரிபார்த்தபடியே, தங்கச்சியைக் கூப்பிடும் சொல்லில், "நங்கி, இறுக்கும்போது அவருக்கு நோகும் என்று எனக்கும் தெரியும்," என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான்.

என் கணவர் நடந்து வீடு திரும்பினார். இடது கை மட்டும் பழைய பலத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் பேர் வெட்டவில்லை, காவல் வேலை கொடுத்தார்கள்.

சந்தேகப்படுவதை நான் இன்னும் விடவில்லை, எங்கள் வாழ்க்கை அப்படி. ஆனால் சந்தேகம் வந்தால் பயமாக இருந்தாலும் முதலில் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அன்று என் வாய் மூடிக்கிடந்ததால்தான் என் கை என் கணவரின் உயிரோடு விளையாடியது.