புஷ்பாவின் ஆடும் ஈ பவர் ஐ பையும்

அவித்த மல்லாட்டை வாசனை... வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். இன்றைக்கும் எங்கே அடித்தாலும் எனக்குத் திண்டிவனம்–விழுப்புரம் காலை பாசஞ்சர்தான் ஞாபகத்துக்கு வரும்.

பி.எஸ்சி. மேத்ஸ், இரண்டாம் வருஷம். லேடீஸ் பெட்டியில் எங்கள் செட்டு ஆறு பேர். பேரணி ஸ்டேஷனில் புஷ்பா ஏறுவாள், டிபன் பாக்ஸ் நிறைய மல்லாட்டையோடு. அவள் அம்மா அடுத்தவர் கொல்லையில் களை எடுக்கிறவர். சொந்தம் என்று சொல்ல வீட்டில் ஒரே ஒரு ஆடு. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் புஷ்பாதான்.

பரீட்சை சமயத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். கிளாஸ் ஃபர்ஸ்ட் என்பதால் நான் ஃபார்முலாவைச் சத்தமாகச் சொல்லுவேன். மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்லுவார்கள். விக்கிரவாண்டிக்குள் ஒரு யூனிட் முடிந்துவிடும். நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது.

அன்றைக்கு "ஈ பவர் ஐ பை ஈக்வல் டு மைனஸ் ஒன்" என்றேன். புஷ்பா மட்டும் சொல்லவில்லை.

"அதெப்படிடி மைனஸ் ஒன்னு? ஈ-க்குப் பவர் போட்டா ஏறிக்கினுதானே போவணும்?"

"ஃபார்முலாடி. அப்படியே மனப்பாடம் பண்ணு."

அவள் விடவில்லை. "ஐ-ன்னா தொண்ணூறு டிகிரி திருப்பறதுன்னு சார் சொன்னாருல்ல? எங்க ஆட்ட முளைக்குச்சியில கட்டியிருப்போம். கவுறு இறுக்கமா இருந்தா அது பக்கவாட்டுலதான் நடக்க முடியும். பக்கவாட்டுலயே நடந்துக்கினு இருந்தா வட்டமாதான் வரும், தூரமாவே போவாது. பாதி வட்டத்துல நேர் எதிர்ல நிக்கும். அதான் மைனஸ் ஒன்னா? கவுறு முளையில சுத்திக்கினு குட்டையாச்சுன்னா..."

எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அதுதான் உண்மை. அத்தனை பேர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"இன்னாடி, கணக்குலயும் ஆடா? பேசாம அதையே போய் மேயி."

பெட்டியே சிரித்தது. புஷ்பாவும் சிரித்தாள். டிபன் பாக்ஸை என் பக்கம் நீட்டிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். நான் எடுத்துத் தின்றேன்...

அப்புறம் அவள் எதுவுமே கேட்டதில்லை. கோரஸில் வாய் மட்டும் அசையும். புரியாததை மனப்பாடம் பண்ண அவளுக்கு வராது. மூன்று அரியர் விழுந்தது. அடுத்த வருஷம் பேரணியில் ரயில் நின்றது, அவள் ஏறவில்லை. வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு தடவைகூட நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அதே ரயிலில் போய், விழுப்புரத்தில் ஒரு காலேஜில் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டாள். போர்டில் முளை, கயிறு, ஆடு எல்லாம் வரைந்தேன். பவரில் வெறும் ஐ இருந்தால் வட்டம். கூடவே மைனஸில் ஒரு சாதா எண்ணும் சேர்ந்தால், கயிறு குட்டையாகிக்கொண்டே ஆடு சுற்றிச் சுற்றி உள்ளே வரும் என்றேன். அன்றைக்குப் புஷ்பாவை நான் முடிக்கவிடாத வாக்கியம் அது.

கிளாஸே கைதட்டியது.

"சூப்பர் மிஸ்! நீங்களே யோசிச்சீங்களா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அப்போதும் வாய்தான் முந்தியது, இப்போதும் அதேதான். இப்போது ரயிலில் கோரஸ் இல்லை, ஆளுக்கொரு போன். இன்று காலை பேரணியில் வண்டி நின்றபோது எழுந்தேன்... திரும்ப உட்கார்ந்துவிட்டேன். என்ன முகத்தோடு போவது?

இதைப் படிக்கிற யாருக்காவது புஷ்பாவைத் தெரிந்தால், அந்த ஆடு அவளுடையதுதான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.