திரையில் அகலமான வயல்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன், லீவுக்கு வரும்போது கேம் விளையாடுவதற்கென்று ஒரு மானிட்டரை ஆன்லைனில் வாங்கி, திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைத்தான். முப்பத்து நான்கு அங்குலம். பக்கவாட்டில் நீண்டது, உள்பக்கமாக வளைந்தது, ஓஎல்இடி. அவன் வர இரண்டு மாதம் இருந்தது. பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

"நீதான் டெஸ்டராச்சே பாப்பா," என்றான் போனில். "கேமு, படம், ஆபீஸ் வேலை, எல்லாத்துக்கும் ஒருவாட்டி பாத்து லிஸ்ட் போட்டு அனுப்பு. அப்பாவுக்கும் யூஸ் ஆகும்னு சொல்லியிருக்கேன். அதையும் ஒரு லைனா சேத்துக்க."

சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே குறை கண்டுபிடித்துத் தருவது என் தொழில். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர் அப்பா. பெட்டியைப் பிரித்ததும் முதல் குறையை அவர்தான் கண்டுபிடித்தார்.

"என்னம்மா இது, வளைஞ்சிருக்கு? வெயில்ல வச்சுட்டானா?"

"அப்படித்தாம்பா செய்வாங்க."

"செய்வாங்களா? நெட்டுக்குத்தா ஒன்ன செய்யத் தெரியாதவன்கிட்ட வாங்கிருக்கான். போட்டோ எடுத்து அனுப்பு, மாத்திக் குடுப்பான்."

வளைவின் காரணத்தை விளக்கினேன். நடுவில் உட்காருகிறவரின் கண்ணிலிருந்து திரையின் எல்லா இடமும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும் என்றேன். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். அடுத்த ஒரு வாரத்துக்கு அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒரே ஒருவருக்காகச் செய்யப்பட்ட பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்தால் அந்த ஒருவர் யார் என்பதை நான் பெட்டியைப் பிரிக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் கேமைச் சோதித்தேன். ஆன்லைன் கார் பந்தயம். திரை ஒரு விநாடிக்கு இருநூற்று நாற்பது முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எங்கள் ஊர் இணையமோ மேட்டூர்த் தண்ணீர் மாதிரி. திறந்துவிட்டாயிற்று என்ற செய்தி முதலில் வந்துவிடும், தண்ணீர் பிறகு வரும். கார் வளைவில் திரும்பி, அங்கேயே நின்று, சற்று யோசித்து, சுவரில் மோதியது. மோதியது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. லிஸ்டில் எழுதினேன்: கேம், திரை தயார், ஊர் தயாரில்லை.

இரண்டாம் நாள் அம்மாவின் சீரியல். செட் டாப் பாக்ஸை இணைத்தேன். டிவிக்காரர்கள் அனுப்பும் படம் இந்தத் திரை அளவுக்கு அகலம் கிடையாது. அதனால் படம் நடுவில் நின்று, இரு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது. ஓஎல்இடியின் பெருமையே அந்தக் கறுப்புதான். கறுப்பு காட்ட வேண்டிய இடத்தில் விளக்கே எரியாது. நான் அதை வியந்துகொண்டிருந்தபோது அப்பா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஏம்மா தரிசா கெடக்கு?"

"தரிசு இல்லப்பா. படம் அவ்ளோதான்."

"இவ்ளோ எடத்த சும்மா போட்டு வப்பாங்களா? பாக்கவே மனசு ஆறலையே."

சீரியல் முடியும்வரை அவர் நடிகைகளைப் பார்க்கவில்லை. இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். அப்போது ஒரு டெல்டா விவசாயியின் கண் முன்னால் வெறும் இடத்தைக் காட்டியிருக்கக் கூடாது. தொல்லை தாங்காமல் மானிட்டரின் மெனுவுக்குள் போய், படத்தைத் திரை முழுக்க இழுத்து நிரப்பும்படி வைத்தேன். மூன்று பங்கு அகலம் நான்கு பங்காகிவிடும். கதாநாயகி குண்டானாள், அவள் மாமியார் அதைவிடக் குண்டானாள்.

"இப்பதான் ரெண்டு பேரும் சாப்பிட்டு நல்லா இருக்காங்க," என்றார் அம்மா, அடுப்படி வாசலில் நின்று பார்த்தபடி. ஓரத்திலிருந்து பார்க்கும் அவருக்கு வளைவினால் பாதி முகம்தான் தெரிந்தது. "படம் பார்க்க, ஒருவர் இருந்தால் நன்று" என்று எழுதிக்கொண்டேன்.

நான் மாற்றிய அமைப்பைத் திரும்ப மாற்றவில்லை. குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் செய்த குறை அது.

மூன்றாம் நாள் "அப்பாவுக்கு யூஸ்" என்ற வரியை நிரப்ப வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பை இணைத்து, அரசின் தளத்திலிருந்து எங்கள் வயலின் புலப்படத்தை இறக்கிக் காட்டினேன். சர்வே எண்ணுக்கு சர்வே எண் எல்லைக் கோடும் நீள அகலமும் போட்டிருக்கும் படம். எங்கள் வயலும் பெரியப்பாவின் வயலும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரே ஒரு வரப்பு. தென்கோடியில் இரண்டு வயலையும் தொட்டுக்கொண்டு வாய்க்கால். பழைய லேப்டாப் அனுப்பும் படமும் டிவி அளவு அகலம்தான், ஆகையால் அதுவும் இழுபட்டுத்தான் வந்தது. நான் கவனித்தேன். நிலத்தை யார் திரையில் பார்த்து அளக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்பா அளந்தார். பீரோவிலிருந்து இதே படத்தின் பழைய காகிதப் பிரதியை எடுத்துவந்து மடியில் விரித்தார். காகிதத்தில் விரலை வைத்தார், திரையில் சாண் வைத்தார். நான் அப்போது கவலைப்பட்டது திரையில் பதிந்த விரல் ரேகைகளுக்காகத்தான்.

"காகிதத்துல சதுரமா இருக்கு. இங்க அகலமா இருக்கு பாத்தியா? நம்ம வயலு கெழக்க இன்னும் போவுது."

கிழக்கே இருப்பது பெரியப்பாவின் வயல்.

"அப்பா, படம் இழுபட்டிருக்கு. நம்பரப் பாருங்க, காகிதத்துல இருக்குற அதே நம்பர்தான் இதுலயும் இருக்கு."

"நம்பர யாரு வேணா எழுதலாம். படம் பொய் சொல்லாது."

ஒவ்வொரு பருவத்திலும் உழவுக்கு முன்னால் வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் சீவி ஒழுங்கு செய்வார்கள். அண்டை வெட்டுவது என்று பெயர். பெரியப்பா அண்டை வெட்டி வெட்டியே வரப்பை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டார் என்பது அப்பாவுக்கு இருபது வருடச் சந்தேகம். இருபது வருடமும் அதற்கு ஆதாரமில்லாமல் இருந்தது. இப்போது முப்பத்து நான்கு அங்குலத்தில் கிடைத்துவிட்டது.

அன்று முழுக்க அந்தப் படம் திரையை விட்டு அகலவில்லை. ஒரே படத்தை நெடுநேரம் அசையாமல் வைத்தால் ஓஎல்இடியில் அதன் தடம் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும் என்று எச்சரித்தேன்.

"தங்கட்டும். நாளைக்கு சர்வேயர் வந்தா காட்டலாம்," என்றார்.

மறுநாள் காலை டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் தன் அண்ணனான பெரியப்பாவைப் பார்த்து, "கம்ப்யூட்டரே சொல்லிருச்சுண்ணே, ஒங்க வரப்பு எங்க வயலுக்குள்ள நிக்கிதுன்னு," என்று சொல்லிவிட்டு வந்தார். பெரியப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

அன்று மதியமே அவருடைய போர்வெல்லில் மோட்டார் ரிப்பேராகிவிட்டது.

இதன் பொருள் தெரிய ஒரு விவரம் போதும். ஆற்றில் தண்ணீர் வரும்வரை எங்கள் நாற்றங்காலுக்கும் அவருடைய நாற்றங்காலுக்கும் அந்த ஒரே போர்தான். ரிப்பேரான மோட்டார் அவருடைய நாற்றங்காலுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓடியது. எங்கள் பக்கம் திரும்ப வேண்டிய நேரம் வந்ததும் மறுபடி ரிப்பேரானது. அப்படி ஒழுங்காகப் பழுதாகும் இயந்திரத்தை என் தொழிலிலும் கண்டதில்லை.

ஆறாம் நாள் நாற்றங்காலில் வெடிப்பு விட்டது. ஏழாம் நாள் நாற்றின் நுனி மஞ்சளானது. இன்னும் இரண்டு நாள் போனால் விதைநெல்லும் போச்சு, குறுவையும் போச்சு. அப்பா வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நேராக நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அகலமான வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெள்ளையில் கறுப்புக் கோடு.

"டிவிக்குள்ள நெலம் வளந்துருச்சு," என்றார் அம்மா என்னிடம், அப்பாவுக்குக் கேட்கும்படி. "நாத்த அதுக்குள்ளயே நட்டுக்கச் சொல்லு. தண்ணி கரண்டுலயே வந்துரும்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "சரி, கறுப்பு கலரு எப்படி இருக்கு?" என்றான்.

எட்டாம் நாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, படத்தை இழுத்து நிரப்பியது நான்தான் என்று சொன்னேன். அவர் வைக்கோலைப் போட்டு முடித்தார்.

"அவன் வயலு அகலமா தெரியுதா?"

"ஆமா பெரியப்பா."

"என் வயலு?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஐந்து நாளாக அந்தப் படம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தும் யாருக்கும், எனக்கும்கூட, இந்தக் கேள்வி தோன்றவில்லை.

"அதுவும்தான் பெரியப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் நடந்தார். வீட்டுக்குள் வந்தவர் அப்பாவைப் பார்க்காமல் நேராக நாற்காலியைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்றார். கோபம் எவ்வளவு இருந்தாலும் அண்ணன் நிற்கும்போது தம்பி உட்கார முடியாது. பெரியப்பா உட்கார்ந்தார்.

"ஏண்டா, ஒன் வயலு அகலமா இருக்குன்னா என் வயலும் அகலமாத்தானடா இருக்கு. அந்தாண்ட இருக்குறவன் வயலும் அகலமா இருக்கு. ஊரே அகலமாயிருச்சு. நான் யாருகிட்டேருந்து வெட்டுனேங்குற?"

நான் மெனுவுக்குள் போய் அமைப்பை மாற்றினேன். இரு ஓரமும் கறுப்பாகி, நடுவில் வயல்கள் இரண்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி ஒல்லியாயின. காகிதப் பிரதியைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். சதுரத்துக்குச் சதுரம். வரப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அத்துடன் நான் படத்தை மூடியிருக்கலாம். ஆனால் பெரியப்பா இதுவரை இவ்வளவு தெளிவான திரையில் எதையும் பார்த்ததில்லை. வயல்கள் ஒல்லியானதும் கீழே ஒன்று பருத்துத் தெரிந்தது.

"இது என்னம்மா ரெண்டு கோடு, இவ்ளோ தள்ளித் தள்ளி? ரோடா?"

"வாய்க்கால், பெரியப்பா. நாலு மீட்டர்னு போட்டிருக்கு."

எங்கள் வாய்க்காலை நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டியிருக்கிறேன். இப்போது தாண்டவும் வேண்டாம், காலை எட்டி வைத்தால் போதும். இருபது வருடமாக வரப்பில் ஒருவர் கையை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்ததால், அண்ணனும் தம்பியும் தெற்குப் பக்கத்தில்தான் நிம்மதியாக அண்டை வெட்டியிருக்கிறார்கள்.

நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழைய படம்," என்றார் பெரியப்பா.

"ஆமாண்ணே. வெள்ளக்காரன் காலத்துல போட்டது."

"அப்பல்லாம் தண்ணி ஜாஸ்தி. வாய்க்காலு பெருசா வேண்டிருந்துச்சு."

"ஆமாண்ணே."

"அப்பா, நீளம் அகலம் எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"நம்பர யாரு வேணா எழுதலாம்மா," என்றார் அப்பா.

"படத்தயும் யாரு வேணா போடலாம்," என்றார் பெரியப்பா.

அம்மா இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும் என்று நான் நினைத்திருந்ததை அப்போதே மனதுக்குள் அடித்துவிட்டேன். காபி குடித்து முடிக்கும்போது மோட்டார் ரிப்பேர் சரியாகிவிட்டதாகப் பெரியப்பா ஞாபகம் வந்தவர்போலச் சொன்னார். சாயங்காலம் எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. நுனி மஞ்சள் இரண்டு நாளில் தெளிந்தது.

"இத மொதல்ல திருப்பி அனுப்பு. கண்ணுக்குக் கெடுதல்," என்றார் அப்பா அன்றே.

"ஏன் அனுப்புறீங்கன்னு காரணம் கேப்பாங்கப்பா. எழுதணும்."

"யாரு கேப்பா?"

"கம்பெனிக்காரங்க."

அப்பா யோசித்தார். காரணம் என்று ஏதாவது எழுத்தில் வெளியூர் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. "இருந்துட்டுப் போவுது," என்றார்.

இப்படியாக மானிட்டர் என் மேசைக்கு வந்தது. நாற்காலியும் காலியானது. அப்பா இந்த அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்றபடி, "அந்தப் படத்த அழிச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டார். "அழிச்சுட்டேம்பா," என்றேன்.

பத்தாம் நாள் அண்ணனுக்கு லிஸ்டை அனுப்ப உட்கார்ந்தபோது, அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே வாசலுக்கு வந்தார்கள். வருடா வருடம் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் இருவரும் அதிகாரிகளுக்கு ஒரு மனு கொடுப்பார்கள். டைப் அடிப்பது நான். அப்பா சொல்லச் சொல்ல அடித்தேன். எங்கள் பகுதிப் பாசன வாய்க்கால் பல ஆண்டுகளாகத் தூர்வாரப்படாமல் மிகவும் குறுகிவிட்டபடியால், கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை, ஆகவே அதிகாரி சமூகம் அவர்கள் நேரில் பார்வையிட்டு நடவடிக்கை எடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

"நேரில் பார்வையிட்டு வேணுமா, தம்பி?" என்றார் பெரியப்பா.

"அத எடுத்துரும்மா," என்றார் அப்பா.

எடுத்தேன். வாசலிலிருந்து பார்த்தால் திரையின் இடது பாதிதான் தெரியும். அதில் மனு இருந்தது. வலது பாதியில் புலப்படம் இருந்தது. இரண்டும் இழுபடாமல் அதனதன் அளவில், நடுவில் துளி இடம் தரிசாகக் கிடக்காமல் பொருந்தியிருந்தன. லிஸ்டின் கடைசி வரியை எழுதினேன்: இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்க்க, மிக நன்று.