பறக்க வேண்டிய தகடு

மாவு ஆலையில் தீ, வெடிப்பு விதிகள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் தேடுவது பாதுகாப்பு அதிகாரியான அவளைத்தான். எதைக் கேட்டாலும் ஷரத்து எண்ணோடு பதில் சொல்வதால் ‘ஷரத்து அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அன்று காலை மூன்றாம் சைலோவின் உச்சிக்கு ஏறியவள் திகைத்து நின்றாள். கோதுமை கொட்டி வைக்கும் அந்த இரும்புக் கோபுரத்தின் கூரையில் நான்கு மெல்லிய தகடுகள் உண்டு. உள்ளே தூசி பற்றி வெடித்தால் முதலில் அவை பிய்த்துக்கொண்டு பறக்க வேண்டும். வேகமெல்லாம் வானத்துக்குப் போய்விடும், சுவர் தப்பிக்கும். இப்போது அந்த நான்கின்மீதும் குறுக்கே தடித்த இரும்புப் பட்டைகள். பிசிறில்லாத வெல்டிங். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆலைக்கு வெல்டிங் செய்துகொடுக்கும் தன் தங்கையின் கணவர் கைவேலை.

கீழே மேலாளர் தயாராக இருந்தார். “போன மழைக்கு ஒழுகி எத்தனை டன் கட்டி தட்டிப் போச்சு தெரியுமா? ‘மழைத் தண்ணி புகாம மூடியிருக்கணும்’னு உங்க புஸ்தகத்துலயே இருக்கு. நானும் படிச்சேன்.”

“நல்லாத்தான் படிச்சிருக்கீங்க சார். அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்கலாம்.” அவள் புரட்டிக் காட்டினாள். “‘குறிச்ச அழுத்தத்துல தடையில்லாம திறக்கணும்.’ ரெண்டும் ஒரே தகட்டுக்குத்தான்.”

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிம்மா?”

“விளிம்புல ரப்பர் பட்டை வெச்சா தண்ணியும் உள்ள வராது, வெடிச்சா தகடும் பறக்கும். இரும்பால மூடுன்னு எந்த ஷரத்தும் சொல்லல. சரியாகுற வரைக்கும் இதுல ஒரு பிடி கோதுமை ஏறாது.”

மறுநாள் லாரிகள் வரவிருந்தன. மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவள் அதே இரண்டு ஷரத்துகளையும் நிதானமாக வாசித்தாள். மறுமுனையில் தலைமைப் பொறியாளர், “அவங்க சொல்றபடியே செய்ங்க” என்றார். லாரிகள் மூன்று நாள் தள்ளிப்போயின.

மதியம் தங்கையின் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “என் வேலையில என்னக்கா குறை? யானை ஏறி மிதிச்சாலும் அசையாது!”

“அதான் தம்பி குறை. குக்கர் மூடியில இருக்கற வால்வை வெல்டு வெச்சு அடைச்சுட்டு, என் தங்கச்சியை அடுப்புகிட்ட நிக்க விடுவீங்களா?”

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். குரல் இறங்கியது. “ஒழுகுது, இறுக்கிப் போடுன்னாங்க. இதெல்லாம் எனக்கு யாருமே சொல்லலையேக்கா.”

அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக மேலாளர்களுக்கு விதி வாசித்தவள், வெல்டிங் பிடிப்பவருக்கு ஒருநாளும் வாசித்ததில்லை.

“அது என் தப்பு” என்றாள்.

சைலோ காலிதான். ஆனாலும் உள்ளே ஒட்டியிருந்த தூசியை வழித்தெடுத்த பிறகே இரும்பு வெட்டும் கேஸ் கட்டரைப் பற்றவைக்க விட்டாள். பட்டைகள் போயின, புதுத் தகடுகளும் ரப்பரும் வந்தன. அடுத்த வார மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. கூரையில் கைவைக்கும் யாரானாலும் முதலில் அவளிடம் அரைமணி உட்கார வேண்டும் என்பது வழக்கமாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த தங்கையின் கணவர் போன் பண்ணினார்.

“அக்கா, இங்கயும் மெல்லிசா ஒரு தகடு. இறுக்கச் சொல்றாங்க. கைவைக்க மாட்டேன்னுட்டேன். எந்த ஷரத்துன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பேசிக்கறேன்.”

புத்தகத்தைத் திறக்காமலே அவள் எண்ணைச் சொன்னாள்.