ஸ்வெட்டர் அக்காவின் பெயர்

ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக் குளிரில் பதினோரு வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஸ்வெட்டர் அக்கா என்றே பெயராகிவிட்டது. டாக்டர் ஒரு மருந்தைத் தப்பான அளவில் பதிந்தால், திரையைச் சிவப்பாக்கித் தடுத்து நிறுத்துகிற புரோகிராம் அவள் எழுதியது. அதற்குத்தான் இந்த வருடம் ‘கணினித் துறைச் சாதனைப் பெண்மணி’ விருது. வாங்கப் போவது துறைத் தலைவி.

தலைவிக்குக் கணினியில் தெரிந்தது அதை அணைப்பது ஒன்றுதான். அதிலும் பாதி நாள் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அக்காவுக்குக் கேடயம் எல்லாம் வேண்டாம். தன் பெயரை யாராவது ஒரே ஒரு தடவை உரக்கச் சொன்னால் போதும். அந்தப் பெயரை அவள் எழுதி வைத்திருந்த இடம் புரோகிராமுக்குள்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கு மேலேயும் எழுதியவர் பெயரும் தேதியும் போடுவது அங்கே வழக்கம்.

“நடுவருங்க உள்ள பாத்தாலும் பாப்பாங்க. உன் பேர எல்லாம் எடுத்துடும்மா,” என்றாள் தலைவி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதையும் பூசணிக்காயே செய்ய வேண்டுமாம்! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

“மேடம், மேடையில ஓட்டிக் காட்டச் சொன்னா? உங்களுக்குன்னு ஒரு லாகின் போட்டுடட்டுமா?”

“அதெல்லாம் எதுக்கு? இத்தன வருஷமா உன்னோடதுலதான போறேன்?”

உண்மைதான். பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சோம்பல்பட்டு, அந்தத் துறையே அக்காவின் லாகினில்தான் காலம் தள்ளியது. அவள் மறுபடி சொல்லவில்லை. செவிடன் காதில் எத்தனை தடவைதான் சங்கு ஊதுவது?

விழாவில் போன வருடம் விருது வாங்கியவள் நடுவர். இந்த வருடம் வாங்குகிறவள் அடுத்த வருடம் அந்த நாற்காலிக்கு வருவாள். ஒருத்தி முதுகை ஒருத்தி சொறிந்துவிட ஒரு மண்டபம், மாலை, மைக்.

“கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்,” என்றாள் நடுவர்.

தலைவி சிரித்தபடி லாகின் செய்தாள். பின்னாலிருந்த பெரிய திரையில் வணக்கம் என்ற சொல்லோடு அக்காவின் முழுப் பெயர் கொட்டை எழுத்தில் வந்து நின்றது. நடுவர் அதை உரக்கப் படித்தாள்.

“யாருங்க இது?”

தலைவி திருதிருவென்று விழித்தாள். “அது... எங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு.”

கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். “ஆமாங்க, இந்தப் புரோகிராம் மொத்தத்தையும் நான்தான் டைப் அடிச்சேன். அம்பத்தெட்டாயிரம் வரி. மேடம் அதுல ஒரே ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லட்டும், நான் உக்காந்துக்கறேன்.”

தலைவி பதறிப்போய் முன்னாலிருந்த மானிட்டரை அணைத்தாள். பெரிய திரையில் பெயர் அப்படியே இருந்தது.