நலம் என்று வந்த கார்டுகள்

ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் என் கையெழுத்தைப் பார்த்தவர்கள், அச்சடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். எழுத்து அழகாக இருந்தால் எழுதியதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நானே கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கொழுப்பு, வேறென்ன!

எழுபதுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் வீடு, நகரத்துக்குள் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் வேலை. வைத்தியம் முடிந்து போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வருடா வருடம் விசாரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எல்லோருக்கும், பதில் எழுத இன்னொரு பாதி சேர்ந்த ரிப்ளை கார்டு அனுப்புவேன். பதில் பாதியில் மூன்று வரி அச்சடித்திருக்கும்: நலமாக இருக்கிறார், மறுபடி உடம்பு சரியில்லை, இறந்துவிட்டார். ஒன்றில் டிக் அடித்துத் தபாலில் போட்டால் போதும். பாதிப் பேர் அதைக்கூடச் செய்ய மாட்டார்கள்.

எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா அப்படியில்லை. அவள் ஆந்திரா பக்கம், சித்தூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். புகுந்த வீட்டார் தாம்பரத்தின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றபின்னும் வீடு மட்டும் சத்திரம் போலப் பெரிதாக நின்றது. அவள் பிறந்த ஊர்ப் பக்கம் யாருக்குப் புற்றுநோய் என்றாலும் இந்த வீட்டில் வந்துதான் தங்குவார்கள். வேற்று மாநிலம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இந்த வீட்டு விலாசத்தையே கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் தாம்பரம் என்று எழுதினேன், சொந்த ஊர்ப் பெயரை என் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன். தெருக்காரிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அந்த விலாசத்தில் மொத்தம் பதினொரு பேர். பதினொரு கார்டும் வாரத்துக்குள் திரும்பி வரும். எல்லாவற்றிலும் முதல் வரியில் டிக். டாக்டர் பார்த்துவிட்டு, "வெரி குட், உங்க தாம்பரம் ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்களே!" என்பார். நானே வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்த மாதிரி பூரித்துப்போவேன்.

கதிர் வைத்தியத்தை அப்போது எல்லோரும் கரண்டு வைப்பது என்பார்கள். முழுசாக வைக்க ஆறு வாரம் ஆகும். வீடு வாசலை விட்டு அத்தனை நாள் தங்க முடியாதவர்களுக்கு டாக்டர் மூன்று வாரத்தில் முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். தெருக்கோடி வீட்டுக்கு வந்தவர்கள் முக்கால்வாசி அப்படி முடித்துப் போனவர்கள்தாம். அவர்களெல்லாம் நலம் என்று கார்டு வந்ததால், மூன்று வாரமே போதும் என்ற எண்ணம் அவருக்கு வலுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கூடப்பிறந்த தங்கையே வந்து சேர்ந்தாள். கர்ப்பப்பையில் புற்று. ஊரில் இரண்டு குழந்தைகள், கடலை போட்ட காடு, சீக்கிரம் போக வேண்டும் என்று ஒரே அவசரம். டாக்டர் மூன்று வாரம் என்று எழுதினார். எனக்கும் சந்தோஷம்தான்.

கரண்டு வைக்க ஆரம்பிப்பதற்குச் சில வாரம் முன்பு எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைப் போலவே புற்றுநோய் ரெஜிஸ்டர் எழுதுகிறவர் போட்டது. எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு அங்கே வந்த ஒரு பெண் இறந்துபோனாள், அவளுக்கு என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். சீட்டின் எண்ணை வைத்துத் தேடினேன். தெருக்கோடி வீட்டு விலாசம். அந்த மாதம்தான் அவள் பெயருக்கு நலம் என்று கார்டு வந்திருந்தது. எனக்கு வந்ததே கோபம்! தாம்பரம் என்பது நானே எழுதிய பொய் என்பதைக்கூட மறந்துவிட்டேன். எங்கள் பேஷண்ட் தாம்பரத்தில் சுகமாக இருக்கிறார், முதலில் உங்கள் ரெஜிஸ்டரைச் சரியாகப் பாருங்கள் என்று சுள்ளென்று எழுதிப் போட்டேன்.

பதில் இரண்டே வரி. "அவர் தாம்பரத்தில் இல்லை. உயிர் போனபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்."

இந்த ஒரு கார்டு பொய் என்றால் மற்றப் பத்தும்? பதினொரு பேரையும் எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். "அடுத்த ஸ்டேட் சமாசாரம்மா. முறையா கோட்டைக்கு எழுதி பர்மிஷன் வாங்கணும்" என்றார். கோட்டைக்குப் போன ஃபைல் திரும்பி வருவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன். வீட்டில் உட்கார்ந்து, என் சொந்தக் காசில் ஒரு இன்லண்ட் வாங்கி எழுதினேன். மாட்டினால் வேலை போயிருக்கும். அவருக்கும் அப்படித்தான்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தெரியவில்லை என்று ஒரு சொல் எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. பத்து நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து, பஸ் போகாத ஊருக்குச் சைக்கிள் வாங்கி, பதினொரு வீட்டையும் தேடிப் போயிருக்கிறார். அவர் அனுப்பிய நாலு தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் சொன்னது, எந்த மாதம், அதைச் சரிதானா என்று வேறு யாரிடம் கேட்டார், எல்லாம் இருந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும், "பூட்டியிருந்தது. இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை மகன் இருந்தான்" என்று எழுதியிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதிய ரெஜிஸ்டரை நினைத்து வெட்கமாக இருந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் உயிரோடு இல்லை. ஏழு பேருமே மூன்று வாரத்தில் முடித்துப் போனவர்கள்.

தாள்கள் வந்து சேர்ந்த அன்று அக்காவின் தங்கைக்கு இரண்டாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. நேரே டாக்டரிடம் ஓடினேன். அவர் உட்காராமல் நின்றபடியே படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். "அந்த லேடியை ஊருக்கு அனுப்பாதீங்க. ஃபுல் கோர்ஸ் குடுக்கணும்" என்றார். யார் சொல்லி அடுத்த மாநிலத்துக்கு எழுதினாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

சாயந்திரம் ரயில் இறங்கிய கையோடு தெருக்கோடி வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, செத்துப்போனவங்களுக்கெல்லாம் நலம்னு டிக் அடிச்சு அனுப்பினீங்களா?"

அவள் பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். "மெதுவா பேசும்மா. உள்ள நோயாளி கீது."

"சொல்லுங்கக்கா."

"இன்னா சொல்றது? சாவு சேதி எழுதின காயிதத்தையே வூட்டுக்குள்ள விடமாட்டோம். வெளியவே படிச்சிட்டு கிழிச்சிப் போட்டுடுவோம். இங்க எப்பவும் ஒரு நோயாளி பட்த்துகினு கீறா. அவ தலைமாட்ல குந்திகினு நான் 'இறந்துட்டா'ன்னு கோடு கிழிப்பனா? கை வருமா எனக்கு?"

திட்டத்தான் போனேன். ஆனால் எங்கள் சர்ச்சில்கூட நித்திரையடைந்தார் என்றுதானே சொல்கிறோம்? செத்தார் என்று யார் சொல்கிறார்கள்? அந்த மூன்றாவது வரியை அச்சடிக்கச் சொன்னது நான்தான். எந்த வீட்டில் எந்தக் கை அதில் டிக் அடிக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா?

ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. "அக்கா, அவங்க எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நம்பித்தான் உங்க தங்கச்சியையும் பாதி வைத்தியத்தோட அனுப்பப் பார்த்தாங்க. இப்ப ஆறு வாரம் வைக்கிறாங்க."

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "அந்தக் கார்டெல்லாம் எட்தாந்து குடு" என்றாள். மறுநாள் கொண்டுபோனேன். கொல்லைப்புறம் கிணற்றடிக்கு எடுத்துப்போய், ஏழு கார்டிலும் பழைய டிக்கைக் கோடு போட்டு அழித்துவிட்டு மூன்றாவது வரியில் போட்டாள். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போட்டாள். பிறகு ஏழு பேருக்கும் சேர்த்துத் தலைமுழுகினாள். ஈரப் புடவையோடு நின்று அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

ஆறு வாரம் முடிந்து தங்கை ஊருக்குப் போனாள். அடுத்த வருடம் தெருக்கோடி வீட்டு விலாசத்துக்கே அவள் பெயருக்குக் கார்டு போட்டேன். வாரத்துக்குள் திரும்பி வந்தது. முதல் வரியில் டிக்.

நான் நம்பவில்லை. நம்ப எவ்வளவோ ஆசை, ஆனால் நம்ப முடியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. "நேரில் பார்த்தேன். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாயா என்று திட்டினார். பிறகு மோர் கொடுத்தார்."

கடிதத்தைத் தெருக்கோடி வீட்டில் போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா முழுக்கக் கேட்டாள்.

"நான் டிக் போட்டனே, நம்பலியா நீ?"

"நம்பலக்கா."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நம்பாத. வர வருசமும் அவரையே போயிப் பாத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.